சிறு தொட்டிக்கு எந்த மீன்? தருமபுரி மாவட்ட விவசாயிகளுக்குச் சில குறிப்புகள்

தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில் தண்ணீர்த் தொட்டி இல்லாத வீடு அபூர்வம். ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் இம்மாவட்டத்தில், குழாயில் தண்ணீர் வரும் வேளையில் பிடித்து வைப்பதும், மோட்டார் ஓடும் நேரத்தில் மாட்டுத் தொட்டியை நிரப்பி வைப்பதும் காலங்காலமாக இருந்துவரும் வழக்கம். இப்படித் தேங்கும் தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடுகிறது. முட்டை கொசுவாகிப் பறக்க 7 முதல் 10 நாட்கள் போதும். வாரம் தவறாமல் தொட்டியைக் கழுவ வேண்டும் என்று சுகாதாரத் துறையினர் சொல்வது இதனால்தான். ஆனால் கோடையில், ஒரு குடம் தண்ணீருக்கும் கணக்குப் பார்க்கும் வீட்டில், தொட்டித் தண்ணீரைக் கொட்டிக் கழுவ யாருக்கு மனம் வரும்?

இது ஒரு புறம் இருக்க, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் போன்ற ஊர்களின் கடைத்தெருவிலிருந்து பிள்ளைகள் பாலிதீன் பையில் இரண்டு பொன்மீன்களை வாங்கி வருகிறார்கள். கண்ணாடிக் குடுவையில் விடுகிறார்கள். ஒரு வாரத்தில் அவை வயிறு மேலே தெரிய மிதக்கின்றன. மீண்டும் வாங்குகிறார்கள், மீண்டும் மிதக்கின்றன. வீட்டுக்கு ராசியில்லை என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

மாட்டுத் தொட்டிக்கும் கண்ணாடிக் குடுவைக்கும் கேள்வி ஒன்றுதான். கொஞ்சம் தண்ணீரில் எந்த உயிர் வாழும்? கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை ஏரிக்கும் பண்ணைக்குட்டைக்கும் உரியவை. இவற்றுக்குத் தொட்டியில் வேலை இல்லை. ஜிலேபிக் கெண்டையும் அப்படியே. இரண்டு மூன்று மாதத்திலேயே குஞ்சு பொரித்துத் தொட்டி நிறைய விரலளவு மீனாகப் பெருகிவிடும். கறிக்கும் உதவாது, தண்ணீரையும் கெடுக்கும்.

முதலில் தண்ணீரை அளக்க வேண்டும்

மீனைத் தேர்ந்தெடுக்குமுன் தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று தெரிந்துகொள்வது அவசியம். நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கினால் கன அடி வரும். ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 28 லிட்டர். இரண்டடி நீளம், ஓரடி அகலமுள்ள கண்ணாடித் தொட்டியில் 10 அங்குலம் தண்ணீர் நின்றால் சுமார் 47 லிட்டர். ஓரடி நீளம், 8 அங்குல அகலத் தொட்டியில் 7 அங்குலம் நிரப்பினால் 11 லிட்டர்தான்; அடியில் மணல் போட்டால் அதிலும் குறையும். கிணற்றடியில் மூன்றடிக்கு மூன்றடி கட்டிய சிமெண்ட் தொட்டியில் இரண்டரை அடி தண்ணீர் நின்றால் 600 லிட்டருக்கு மேல் இருக்கும். ஆகவே மாட்டுத் தொட்டியைச் சிறியது என்று எண்ணக்கூடாது. மீனைப் பொறுத்தவரை அது மாளிகை. மேசை மேல் இருக்கும் அழகான குடுவைதான் சிறைக்கூடம்.

தண்ணீர் குறையக் குறைய வளர்ப்பது எளிது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை இதற்கு நேர் மாறானது. கொஞ்சம் தண்ணீர் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் குளிரும், சீக்கிரம் கெடும். சித்திரை வைகாசியில் இம்மாவட்டத்தில் பகல் வெப்பம் 38 டிகிரியைத் தொடுகிறது. மார்கழி இரவில் நல்ல குளிர். கிணற்றில் உள்ள மீன் இந்த வேறுபாட்டை அவ்வளவாக உணர்வதில்லை. 10 லிட்டர் தொட்டியில் உள்ள மீன் ஒவ்வொரு நாளும் உணர்கிறது. மேலும், வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயு குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரைந்து நிற்கும் பிராணவாயு, 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் நிற்கும்.

தொட்டியின் வாயும் கவனிக்கத்தக்கது. காற்றிலிருந்து பிராணவாயு நீரின் மேற்பரப்பு வழியாகவே உள்ளே இறங்குகிறது. எனவே ஒரே அளவு தண்ணீர் பிடிக்கும் இரண்டு பாத்திரங்களில், உயரமாக ஒடுங்கியதைவிட அகன்று தாழ்வாக இருப்பதே மேல். உருண்டைக் குடுவையைக் கழுத்து வரை நிரப்புவது இரட்டைத் தவறு.

நம் ஊர்த் தண்ணீரின் குணம்

தருமபுரி மாவட்டம் பாறை நிலம். ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடின நீர். சோப்பு நுரைக்காது, கொதிக்க வைக்கும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு கட்டும். புளோரைடு மிகுதியால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட மாவட்டம் என்பதும் யாவரும் அறிந்ததே. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013 முதல் காவிரி நீர் குழாயில் வரத் தொடங்கியது. ஆக, ஒரே வீட்டில் இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. போர் தண்ணீர் கடினமானது, குளோரின் கலவாதது. ஒகேனக்கல் தண்ணீர் குளோரின் கலந்தது.

குளோரின் மீனின் செவுளை அரித்துக் கொன்றுவிடும். குழாய்த் தண்ணீரை அகன்ற பாத்திரத்தில் திறந்து ஒரு முழு நாள் வைத்திருந்து, பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும். வெயில் படும்படி வைத்தால் இன்னும் நல்லது. போர் தண்ணீரையும் ஓர் இரவு ஆற வைப்பது நலம். பூமிக்கு அடியிலிருந்து வரும் நீரில் பிராணவாயு குறைவாக இருக்கும்.

கடின நீரைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை. அதற்கென்றே சில மீன்கள் உள்ளன. குட்டி போடும் இனங்களான கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகிய நான்கும் கடினமான, சற்றுக் காரத்தன்மையுள்ள நீரில் நன்கு செழிக்கும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை தென்னமெரிக்கக் காட்டாறுகளின் மென்மையான, புளிப்புத் தன்மையுள்ள நீரில் பிறந்தவை. நுரைக்காத தண்ணீர் உள்ள ஊரில் அவற்றை வாங்குவது, களர் நிலத்தில் தேயிலை நட்டது போலத்தான். நிலத்தைப் பார்த்துப் பயிரைத் தேர்வு செய்யும் விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மீன் ஏன் சாகிறது?

கடையிலிருந்து வந்த மீன் ஒரு வாரத்தில் சாவதற்குப் பெரும்பாலும் நோய் காரணமன்று. அதன் கழிவே காரணம். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீவனம் அழுகினாலும் அம்மோனியா உண்டாகும். வயலில் யூரியா இட்டால் அது அம்மோனியாவாகி, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன அல்லவா? தொட்டியிலும் அதே வேலை நடக்க வேண்டும். ஆனால் புதுத் தொட்டியில் அந்த நுண்ணுயிர்கள் இல்லை. மணலிலும் சுவரிலும் அவை படிந்து பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதற்குள் நாலைந்து மீன்களை ஒரே நாளில் விட்டால், அவை தம் கழிவிலேயே மூச்சுத் திணறுகின்றன.

இங்கே நம் மாவட்டத்தார் விசேஷமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நீரின் காரத்தன்மை கூடினால் அம்மோனியாவின் நஞ்சும் கூடும். கார அமில நிலை 7 இருக்கும் நீரில், 25 டிகிரி வெப்பத்தில், மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது. கார அமில நிலை 8 ஆனால் அது சுமார் 5 பங்காகிறது. ஆகவே கடின நீரில் கப்பி வாழும் என்பது உண்மையே. கூட்டமாகத் திணித்தால் மற்ற ஊர்களைவிட விரைவில் சாகும் என்பதும் உண்மையே.

பரிகாரம் கடினமானதன்று. முதல் வாரம் ஒன்றிரண்டு மீன்கள் மட்டும் விட வேண்டும். ஒரு மாதம் கழித்தே மற்றவை. ஏற்கனவே நன்றாக இருக்கும் ஒரு தொட்டியிலிருந்து ஒரு பிடி மணல் வாங்கி வந்து போட்டால், தயிருக்கு உறை ஊற்றியது போல் வேலை சீக்கிரம் ஆகும். வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டு, ஆறிய புது நீர் ஊற்ற வேண்டும். எடுத்த நீரைக் கொட்டாமல் கத்தரிக்கோ கீரைப் பாத்திக்கோ ஊற்றலாம். உரமுள்ள நீர் அது. சுத்தம் செய்வதாக எண்ணி முழுத் தண்ணீரையும் மாற்றி, மணலையும் சோப்புப் போட்டுக் கழுவுவோர் நுண்ணுயிர்களை அழித்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். சோப்பு தொட்டியருகே வரவே கூடாது.

தீவனம் ஒரு சிட்டிகை. ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போட வேண்டும். பசியால் செத்த தொட்டி மீன் மிகச் சொற்பம். அன்பு மிகுதியால் செத்தவையே அதிகம்.

மாட்டுத் தொட்டிக்குக் கப்பி

சிமெண்ட் தொட்டிக்கு முதல் தேர்வு கப்பிதான். அதிலும் பெரிய வண்ண வால் உள்ள விலையுயர்ந்த ரகம் வேண்டாம். சாதாரண நாட்டுக் கப்பியே திடமானது. ஆண் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம், பெண் இரண்டு அங்குலம் வரை வளரும். நீரின் மேற்பரப்பிலேயே மேய்ந்து கொசுப்புழுக்களைத் தின்னும். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள தொட்டிக்கு 5 முதல் 10 மீன்கள் போதும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற விகிதத்தில் விட்டால் மாதம் ஒரு முறை குட்டி போட்டுத் தாமே பெருகும். ஆண் இல்லாவிட்டாலும் பெண் கப்பி முன்பு பெற்ற விந்தைச் சேமித்து வைத்துப் பல மாதங்கள் குட்டி போடும் என்பது பலரும் அறியாத செய்தி.

குடிக்கவும் சமைக்கவும் வைக்கும் தண்ணீரை மூடி வைப்பதே முறை. அதில் மீன் வேண்டாம். புழக்கத் தொட்டி, மாட்டுத் தொட்டி, செடிக்கு ஊற்றும் தொட்டி ஆகியவற்றுக்கே இது பொருந்தும். தொட்டியைக் கழுவும்போது மீன்களை ஒரு வாளியில் பழைய தண்ணீரோடு எடுத்து வைத்துக்கொண்டு, சுவரைத் தேங்காய் நார் கொண்டு தேய்க்க வேண்டும். டெங்குக் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு உலர்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேய்க்காத தொட்டியில் மீன் விட்டுப் பாதிப் பயன்தான். தண்ணீர் வெளியேறும் குழாயில் கொசுவலைத் துணி கட்டாவிட்டால் குட்டிகள் வாய்க்காலில் போய்விடும். தொட்டியின் ஒரு பாதிக்குத் தென்னங்கீற்று போட்டால் வெயிலுக்கும் மீன்கொத்திக்கும் காவல். பிளீச்சிங் பவுடர் போட வரும் ஊழியரிடம் மீன் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

புதிதாகக் கட்டிய சிமெண்ட் தொட்டியில் உடனே மீன் விடலாகாது. சிமெண்டின் சுண்ணாம்பு நீரில் இறங்கி மீனைக் கொன்றுவிடும். நிரப்பி, மூன்று நான்கு நாள் நிறுத்தி, வடித்து, மறுபடி நிரப்புவதை மூன்று வாரம் செய்தபின், முதலில் இரண்டே மீன்களை விட்டுப் பார்க்கலாம்.

கம்பூசியா என்ற கொசு மீன் 1928-ல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அது கொசுப்புழுவைத் தின்பதில் சூரன்தான். ஆனால் பிற மீன்களின் முட்டை, குஞ்சு, தவளைத் தலைப்பிரட்டை எதையும் விடாது. மற்ற மீன்களின் வாலையும் கடிக்கும். ஏரிக்கோ ஓடைக்கோ போக வழியுள்ள எந்த இடத்திலும் அதை விடக்கூடாது. திறந்த கிணற்றுக்கு நம் நாட்டு மீனே நல்லது. நெல் வயலிலும் வாய்க்காலிலும் நீர்மட்டத்தை ஒட்டி நீந்தும், தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்னும் சிறு மீனைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதுவும் கொசுப்புழு தின்னும். தப்பிப் போனாலும் ஊருக்குக் கெடுதல் இல்லை.

பிள்ளைகளின் கண்ணாடித் தொட்டிக்கு

ஐந்து லிட்டருக்குக் குறைந்த குடுவையில் எந்த மீனும் விடாமலிருப்பதே தருமம். அதில் வேலம்பாசி வளர்த்துப் பார்க்கலாம். வேண்டுமானால் ஒரு சிறு நத்தை போதும்.

சுமார் 10 லிட்டர் தொட்டி என்றால் ஒரே ஒரு ஆண் சண்டை மீன். தாய்லாந்து நாட்டைச் சேர்ந்த இம்மீனுக்குச் செவுளோடு காற்றை நேராகச் சுவாசிக்கும் தனி உறுப்பும் உண்டு. அதனால்தான் பிராணவாயு குறைந்த நீரிலும் தாக்குப்பிடிக்கிறது. மூடிக்கும் தண்ணீருக்கும் இடையே ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். இரண்டு ஆண்களைச் சேர்த்து விட்டால் ஒன்றை ஒன்று கிழித்துவிடும். கடைக்காரர் பாட்டிலில் வைத்திருக்கிறாரே என்று வீட்டிலும் பாட்டிலில் வைக்கலாகாது. அங்கே அது விற்பனை வரை இருக்கும் சரக்கு, இங்கே அது ஆண்டுக்கணக்கில் வாழ வேண்டிய உயிர்.

சண்டை மீன் வேண்டாம் என்றால் அதே தொட்டியில் மூன்று நான்கு ஆண் கப்பிகள் விடலாம். ஆண்கள் மட்டுமே என்பதில் உறுதி வேண்டும். மூன்று பெண்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் ஒன்றுக்கு இருபது குட்டி வீதம் மூன்று மாதத்தில் 180 குட்டி. தாய் சிலவற்றைத் தின்றாலும் மிஞ்சியவை தொட்டி கொள்ளாது. அதற்குள் முதல் ஈற்றுக் குட்டிகளும் ஈனத் தயாராகிவிடும்.

45, 50 லிட்டர் தொட்டி இருந்தால் ஆறு ஆண் கப்பிகளுடன் ஆறு வரிக்குதிரை மீன்களைச் சேர்க்கலாம். வரிக்குதிரை மீன் இந்தியத் துணைக்கண்டத்து ஆறுகளின் மீன்; கூட்டமாக இருந்தால்தான் அதற்கு நிம்மதி. ஒன்றிரண்டாக வாங்கினால் மற்றவற்றைத் துரத்தும். அல்லது நான்கைந்து மோலிகள். மோலிக்குச் சற்று உப்பு நீர் பிடிக்கும். நம் போர் தண்ணீரில் பெரும்பாலும் தனியே உப்புச் சேர்க்கத் தேவையில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பையை அவிழ்க்காமல் இருபது நிமிடம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, பிறகு அரை மணி நேரம் சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பையில் கலந்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விட வேண்டும். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றலாகாது.

வாங்கக் கூடாதவை

பொன்மீனைப் பற்றி முதலிலேயே சொல்லப்பட்டது. அது சாகப் பிறந்த மீனன்று. முறையாக வளர்த்தால் அரை அடிக்கு மேல் வளர்ந்து பத்தாண்டுக்கு மேல் வாழும். அதிகம் தின்று அதிகம் கழிக்கும். அதற்குக் கிணற்றடித் தொட்டி ஏற்றது, குடுவை ஏற்றதன்று. கப்பி உள்ள தொட்டியில் விட்டால் குட்டிகளைத் தின்றுவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் சக்கர் மீனைத் தொட்டி சுத்தம் செய்யும் என்று சொல்லி இரண்டு அங்குலக் குட்டியாக விற்கிறார்கள். அது ஒன்றரை அடி வரை வளரும். இடம் போதாமல் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். தமிழ்நாட்டு ஏரிகள் பலவற்றில் அது பெருகி, வலையைக் கிழித்து மீனவர்களுக்குத் தொல்லையாகிவிட்டது. கரையைக் குடைந்து முட்டையிடும் வழக்கமும் அதற்கு உண்டு. ஏரிக் கரையை நம்பிப் பாசனம் செய்யும் விவசாயிக்கு இதன் பொருள் புரியும். ஆஸ்கார் மீனும் வேண்டாம். ஓரடி வளர்ந்து, கூட இருப்பதை எல்லாம் விழுங்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கே தடை உள்ளது.

கிணறு தூர் வாரும்போது அகப்படும் ஆமையைத் தொட்டியில் போட்டு வளர்ப்பது கிராமங்களில் உண்டு. நம் கிணற்று ஆமையும், புதர்க்காட்டில் காணும் நட்சத்திர ஆமையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. வளர்த்தால் குற்றம், விற்றாலும் குற்றம். எடுத்த கிணற்றிலேயே விட்டுவிட வேண்டும்.

வேண்டாம் என்றாகிவிட்ட எந்த மீனையும் சின்னாற்றிலோ தென்பெண்ணையிலோ ஊர் ஏரியிலோ விடக் கூடாது. கேட்டவர்க்குக் கொடுத்துவிடலாம், அல்லது கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம்.

மருந்து தெளிக்கும் நாளில்

பட்டணத்துத் தொட்டிக்கு இல்லாத ஆபத்து ஒன்று விவசாயி வீட்டுத் தொட்டிக்கு உண்டு. தக்காளிக்கும் பருத்திக்கும் பூச்சி மருந்து அடித்துவிட்டுத் தெளிப்பானைக் கிணற்றடியில் கழுவுவார்கள். அந்தக் கழுவு நீர் சிறிது தெறித்தாலும் போதும். செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொல்லும். மருந்து பட்ட கையால் தீவனம் போடுவதும் ஆகாது. தெளிக்கும் நாளில் தொட்டியைச் சாக்கால் மூடி, தெளிப்பானைத் தொலைவில் கழுவ வேண்டும். மாட்டுத் தொட்டியில் கப்பி எல்லாம் ஒரே நாளில் மிதந்தால் மாட்டை அந்தத் தண்ணீர் குடிக்க விடாமல் நிறுத்தி, காரணத்தைத் தேடுவது நல்லது. அந்த வகையில் கப்பி ஒரு காவலாளி.

வருமானம் வருமா?

சென்னையின் கொளத்தூரில் வீட்டுக்கு வீடு வண்ண மீன் உற்பத்தி நடப்பதைக் கேள்விப்பட்டுப் பலர் ஆவல் கொள்கிறார்கள். அங்கே வியாபாரிகள் வாசலுக்கு வருகிறார்கள். இங்கே விற்பவர் தேடிப் போக வேண்டும். எனவே தொட்டி கட்டுமுன் வாங்குபவரைக் கண்டுபிடிப்பது உத்தமம். ஏற்கனவே உள்ள இரண்டு சிமெண்ட் தொட்டிகளில் மோலியும் கப்பியும் விட்டு, ஒரு வருடம் கைப்பழக்கம் பெற்று, அருகிலுள்ள கடைக்கு நூறு இருநூறு குட்டிகள் கொடுத்துப் பார்த்த பிறகு மேற்கொண்டு முதல் போடலாம். ஒரே குடும்பத்து மீன்கள் தமக்குள்ளேயே கலந்து இனம் நலியாதிருக்க, அவ்வப்போது வேறிடத்து ஆண் மீன்களை வாங்கிச் சேர்க்க வேண்டும்.

2020-ல் மத்திய அரசு தொடங்கிய மீன்வளத் திட்டத்தில் கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்பும் மானியத்துக்குரியதாகச் சேர்க்கப்பட்டது. இப்போது மானியம் உண்டா, எவ்வளவு என்பதைத் தருமபுரி மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம். போகும்போது ஒரு லிட்டர் கிணற்று நீரைச் சுத்தமான பாட்டிலில் எடுத்துச் சென்று, கார அமில நிலையும் கடினத் தன்மையும் எங்கே சோதிக்கலாம் என்று விசாரித்து வருவது நல்லது. எந்த மீன் என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த பாட்டிலில் இருக்கிறது.